மீனாட்சிபுரத்துப் பழைய வீட்டை விற்கப் போகிறோம், அடுக்களையை இடித்துக் கட்டவா, அப்படியே விடவா?

ஜங்ஷன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் மீனாட்சிபுரத்தில் அப்பா கட்டிய வீடு. 1979-இல் பால் காய்ச்சியது, எனக்கு அப்போது மூன்று வயது. நான்கு செண்ட் இடம். முன்னால் தார்சா என்கிற வராந்தா, அடுத்து பட்டாசல் என்கிற கூடம், இரண்டு அறை, இதெல்லாம் கான்கிரீட். அடுக்களை மட்டும் பின்னால் ஓட்டுச் சாய்ப்பு, அது நாலைந்து வருடம் கழித்து இழுத்தது. அப்பா போனபிறகு அம்மா என்னோடு கோயம்புத்தூருக்கு வந்துவிட்டாள். தங்கை தூத்துக்குடியில். மூன்று பேரும் பேசி விற்றுவிடலாம் என்று முடிவு செய்து ஏழெட்டு மாதம் ஆகிறது.

இதுவரை இரண்டு பேர்தான் வந்து பார்த்தார்கள். முதலாவது ஆள் அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார். இரண்டாவது குடும்பத்தில் அந்த அம்மா உள்ளே போய் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இங்க எப்பவுமே இப்படி வாடை அடிக்குமா" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல? விறகடுப்புப் புகை படிந்து ஓட்டுக்கு அடியில் எல்லாம் கறுப்பு. கடப்பாக் கல் மேடை, மூலையில் பாத்திரம் கழுவுகிற அங்கணம், பக்கத்தில் அம்மி, ஒரே ஒரு குண்டு பல்பு.

தரகர் என்ன சொல்கிறார் என்றால், சாய்ப்பைத் தள்ளிவிட்டு மாடுலர் கிச்சன் போடுங்கள், பட்டாசலுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுங்கள், ஆறு லட்சம் போட்டால் பத்து லட்சம் கூடக் கிடைக்கும் என்கிறார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு அடி தண்ணீர் நின்றது. அந்தக் கோடு பட்டாசல் சுவரில் இன்னும் தெரிகிறது. நான்கு அடி உயரத்துக்குச் சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறார்.

அம்மாவோ, "விக்கிற வீட்டுக்கு எதுக்குல வெள்ளையடிச்சுக்கிட்டு, வாங்குறவன் அவனுக்குப் பிடிச்சதை அடிச்சுக்கிடுவான்" என்கிறாள். கையில் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு லட்சம் செலவழிக்கலாம். எதில் போடுவது? சமீபத்தில் பழைய வீடு விற்றவர்கள், வாங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பேட்டைக்காரன்:

அண்ணாச்சி, ஒரு ரூபாய் போடாதீர்கள். சந்திப்புக்குப் பக்கத்தில் நான்கு செண்ட் என்றால் வருகிறவன் இடத்துக்குத்தான் வருவான். நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டை விற்கும்போது இதே மாதிரி ஒருவர் பேச்சைக் கேட்டு பிளைவுட்டில் மாடுலர் கிச்சன் போட்டேன், சிம்னி, இழுப்பறை, மூலைக்குள் சுற்றுகிற தட்டு, எல்லாம். வாங்க வந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய் டேப்பைப் பிடித்து அளந்தார். திரும்பி வந்து, "நிலையும் கதவும் தேக்கா, அதை மட்டும் பத்திரமா எடுத்து வச்சுக்கிடுதேன், மத்ததை இடிச்சிருவேன்" என்றார். என் முன்னாலேயே! சிம்னியைக் கழற்றி மச்சினன் வீட்டுக்குக் கொடுத்தேன். அதுவும் அவன் வீட்டில் புகையைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் போடுகிறது.

கொல்லையில் கிடக்கிற குப்பையை அள்ளி, செடி கொடியை வெட்டி, எல்லைக் கல் நான்கும் தெரிகிற மாதிரி வையுங்கள். அது போதும்.

கொக்கிரகுளம் மைனி:

பேட்டைத் தம்பி சொல்வது பாதிதான் சரி. இடத்துக்காக வருகிறவர் உண்டு, குடியிருக்க வருகிறவரும் உண்டு. நாங்கள் இரண்டாவது வகை. இடம் வாங்கிப் புதிதாகக் கட்டக் காசு கிடையாது, பழைய வீடாகப் பார்த்து வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து கொள்ளலாம் என்று பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர், கடைசியில் கொக்கிரகுளம் என்று பதினொரு வீடு ஏறி இறங்கினோம். அதனால் வாங்குகிறவள் கண்ணால் சொல்கிறேன்.

முதலில் அந்த வாடை. பூட்டிக் கிடக்கிற வீட்டில் அது பெரும்பாலும் கழிவுக் குழாயில் இருந்து வருவது. அங்கணத்துக்கும் குளியலறைக்கும் அடியில் வளைவுக்குள் கொஞ்சம் தண்ணீர் நின்று சாக்கடைக் காற்றை அடைத்துக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் யாரும் புழங்காவிட்டால் அந்தத் தண்ணீர் வற்றி, வாடை நேரே வீட்டுக்குள் ஏறும். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் முந்தின நாளே ஆள் விட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து போடச் சொல்லுங்கள். பைசாச் செலவில்லை. அதை விட்டுவிட்டு சாம்பிராணி போட்டு நிரப்பி வைக்காதீர்கள். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் அப்படித்தான், உள்ளே நுழைந்தால் கோயில் மாதிரி மணக்கிறது, எங்கள் வீட்டுக்காரர் என் காதில், "எதையோ மறைக்காவ" என்றார். திரும்பிவிட்டோம். (கருவாடு வறுத்த வாடை என்றால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன், அது நம்மூர் வீடு என்பதற்குச் சாட்சி.)

அப்புறம் வெளிச்சம். ஓட்டுச் சாய்ப்பு என்றால் உங்களுக்கு யோகம்தான். மங்களூர் ஓடு இரண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி ஓடு போடுங்கள், மேடைக்கு நேர் மேலே ஒன்று, அங்கணத்துக்கு மேலே ஒன்று. அரை நாள் வேலை. இருட்டு அடுக்களை பாதி அழுக்காகத் தெரிவது இருட்டினால்தான். குண்டு பல்பை எடுத்துவிட்டு ஒரு எல்இடி டியூப் போடுங்கள்.

புகைக் கறுப்பை நேரே டிஸ்டெம்பர் அடித்து மறைத்தால் பத்து நாளில் மஞ்சளும் பழுப்புமாக வெளியே ஊறி வரும், நான் பட்டிருக்கிறேன். முதலில் வெந்நீரில் வாஷிங் சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், நன்றாகக் காய விட்டு, எண்ணெய் பிரைமர் ஒரு பூச்சு, அதற்கு மேல்தான் வெள்ளை. சட்டம், கை மரம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டாலே ஓடு அழகாக இருக்கும்.

கடப்பாக் கல்லை மாற்ற வேண்டாம். உடைசல் இல்லாமல் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, மேல் விளிம்பைக் கல் ஆளை வைத்து மெருகேற்றச் சொல்லுங்கள். குழாயை மட்டும் புதிதாகப் போடுங்கள். பார்க்க வருகிற பெண்கள் முதலில் குழாயைத் திறந்து பார்ப்போம், சொட்டினாலோ காற்று மட்டும் வந்தாலோ அங்கேயே முடிந்தது. காவித் தரை இருக்கிறதா? இருந்தால் அதன் மேல் டைல்ஸ் போட்டு மூடிவிடாதீர்கள் சாமி. இப்போது அதைத் தேடி வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். துடைத்துவிட்டு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும், ஆனால் மறுநாள் சோப்புப் போட்டு ஒரு தடவை துடைக்கணும், இல்லாவிட்டால் வருகிறவர் வழுக்கி விழுவார். வெடிப்பு இருந்தால் அப்படியே விடுங்கள், ஒட்டுப் போட்டால் அந்தச் சிவப்பு எந்தக் காலத்திலும் சேராது.

பரணில் பித்தளை, குத்துப்போணி, உடைந்த நாற்காலி, பழைய காலண்டர் இருந்தால் எல்லாம் வெளியே. எங்களுக்கு வீடு காட்டியவர்களில் ஒருவர் செத்துப்போன தாத்தாவின் மருந்துச் சீட்டைக்கூட எடுக்கவில்லை, ஆணியில் தொங்கியது.

சேரன்மகாதேவி சைட் இன்ஜினியர்:

மைனி அடுக்களையை முடித்துவிட்டார்கள், நான் சுவருக்கு வருகிறேன். ஜங்ஷன்வாசி அண்ணன் ஒரு விஷயம் சொல்லவில்லை. அந்தக் கோடு வெறும் கறையா, இல்லை அதற்குக் கீழே இன்னும் ஓதம், அதாவது சுவர் ஈரம், இருக்கிறதா? சுண்ணாம்பு உதிர்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், நனைந்த செங்கல் சுவர் காய ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று நாங்கள் தோராயக் கணக்கு வைப்போம். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒன்பது பத்து மாதம். 2023 டிசம்பர் 18-ஆம் தேதி ஏறிய தண்ணீர் இந்நேரம் எப்போதோ காய்ந்திருக்க வேண்டும். இன்னும் ஈரம் இருக்கிறது என்றால் வெள்ளத்தின் மேல் பழி போடாதீர்கள், வேறு எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. ஒன்று, அந்தக் காலத்து வீடு, அடித்தளத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கிற பூச்சு போட்டிருக்க மாட்டார்கள். இல்லையென்றால் குழாய்க் கசிவு. ஒரு சோதனை செய்யுங்கள்: இரண்டு அடிக்கு இரண்டு அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்குப் பின்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்பக்கம் வேர்த்தால் காற்றோட்டம் இல்லாத அறை, அவ்வளவுதான்.

டைல்ஸ் யோசனையைக் காதிலேயே வாங்காதீர்கள். ஈரச் சுவர் மூச்சு விடுகிற இடத்தை டைல்ஸ் போட்டு அடைத்தால் அந்த ஈரம் நிற்காது, மேலே ஏறும். இரண்டடியில் இருக்கிற ஓதம் டைல்ஸுக்கு மேலே நான்கரை அடியில் வந்து நிற்கும், அதுவும் வாங்க வந்தவர் கண்ணுக்கு நேராக. உப்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், கரைந்து உள்ளேயே போகும். காய்ந்த கம்பி பிரஷ்ஷால் உதிர்த்துக் கூட்டி அள்ளுங்கள். ஓதம் பிடித்த பூச்சை, கறைக்கு ஒன்றரை அடி மேல்வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை முடிந்தவரை காய விட்டு, புதிதாகப் பூசுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வருடா வருடம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு நாற்பது வருடமாக அடுக்கடுக்காக ஏறி இருக்கும். அதைச் சுரண்டாமல் மேலே புட்டியும் எமல்ஷனும் போட்டால் ஒரே வருடத்தில் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். சுரண்டக் கூலி கொடுக்க மனமில்லை என்றால் பேசாமல் திரும்பவும் சுண்ணாம்பே அடித்துவிடுங்கள், அதில் குற்றமே கிடையாது.

கரண்ட் பெட்டியைக் கட்டாயம் பாருங்கள். இரண்டு அடி தண்ணீர் என்றால் கீழே இருந்த பிளக் பாயின்ட் எல்லாம் முழுகியிருக்கும். அவற்றை எடுத்துவிட்டு நான்கடி உயரத்தில் புதிதாகப் போட்டு, 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக அணைகிற சுவிட்ச், ஆர்சிசிபி என்பார்கள், ஒன்று மாட்டுங்கள். உங்கள் இரண்டு லட்சத்தில் முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். கதவு நிலைகளைக் கை முட்டியால் தட்டிப் பாருங்கள், பொக்கென்று கேட்டால் கரையான். வெள்ளம் வந்துபோன வீட்டில் அதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்.

வண்ணார்பேட்டை ரோடு:

வெள்ளக் கோட்டை மறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, எங்கள் வண்ணார்பேட்டை, எங்கெல்லாம் தண்ணீர் ஏறியது என்று ஊருக்கே தெரியும். அன்றைக்குக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணியில் வந்த தண்ணீரை டிவியில் உலகமே பார்த்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பளபளவென்று ஆக்கி, "தண்ணி வாசப்படியோட நின்னுட்டு" என்று சொல்லி விலை பேசினார்கள். அட்வான்ஸ் வாங்கப் போகிற அன்று, வாங்குகிறவர் முக்கு டீக்கடையில் டீ குடித்திருக்கிறார். டீக்கடைக்காரர், பாவம், நல்ல மனுஷன், "அந்த வீடா, கட்டில் மிதந்துச்சே அந்த வீடா" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். தண்ணீர் வந்ததுகூடப் பிரச்சினை இல்லை அண்ணாச்சி, அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள், பொய் சொன்னதும் பத்திரத்தையும் சந்தேகப்பட்டுவிட்டார்.

நீங்களே சொல்லிவிடுங்கள்: இத்தனை அடி வந்தது, இத்தனை மணி நேரம் நின்றது, பிறகு இன்னின்ன வேலை பார்த்தோம். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள். கேட்கட்டும்.

அப்புறம் காலம். ஆடியில் எவனும் வர மாட்டான், புரட்டாசியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். வேலையை ஐப்பசிக்கு முன்னால் முடித்து, மழைக்கு ஒழுகுகிறதா என்று நீங்களே பார்த்துக்கொண்டு, தையில் காட்டுங்கள்.

பத்திரக்காரர் மகன்:

எல்லோரும் சுவரையும் தரையையும் சொல்கிறீர்கள், காகிதத்தை யாரும் சொல்லவில்லை. எங்கள் அப்பா பத்திரம் எழுதுகிறவர், வீடு மினுமினுவென்று இருந்தும் காகிதம் இல்லாமல் வருடக்கணக்கில் நின்ற வீடுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அண்ணாச்சி, அப்பா உயில் எழுதவில்லை என்றால் அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா, அதாவது உங்கள் ஆச்சி, அப்பா இறந்தபோது உயிரோடு இருந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? பட்டா இன்னும் அப்பா பெயரில்தானே? வெள்ளையடிக்க ஆள் தேடுவதற்கு முன்னால் பட்டாவை மாற்ற மனுப் போடுங்கள். வீட்டுத் தீர்வை, தண்ணீர்த் தீர்வை பாக்கி இல்லாத ரசீது, மின் இணைப்பு யார் பெயரில், மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, இவ்வளவையும் ஒரு கோப்பில் போட்டு வைத்துக்கொண்டு, வருகிறவர் கேட்பதற்கு முன்னாலேயே நகலை நீட்டுங்கள். வெள்ளத்தில் பத்திரம் நனைந்துபோயிருந்தால் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம், பயப்பட வேண்டாம்.

செலவுக் கணக்கும் பாருங்கள். 2001-க்கு முன்னால் அப்பா பெயருக்கு வந்த சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்புக்கு மேல் போகக் கூடாது. லாபத்துக்கு வரி, பணவீக்கக் கணக்கு இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது அந்தக் கணக்கோடு 20 சதவீதம், எது குறைவோ அது. வெள்ளையடிப்பு, சில்லறைப் பழுது எல்லாம் இதில் கழியாது. கட்டடத்தில் நிலைக்கிற மாதிரி செய்த வேலைதான் கழியும், அதுவும் பில் இருந்தால். தரகுக் கூலியும் கழியும், அதற்கும் ரசீது வாங்குங்கள். மொத்த விலை 50 லட்சத்தைத் தொட்டால், உங்கள் மூவர் பங்கும் தனித்தனியே அதற்குக் கீழே இருந்தாலும், வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடித்துத்தான் தருவார், அப்போது போய் சண்டை போடாதீர்கள். ரொக்கமாக இருபதாயிரமோ அதற்கு மேலோ வாங்கவும் கூடாது.

ஜங்ஷன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

சேரன்மகாதேவித் தம்பி சொன்ன பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன். பட்டாசலில் ஒன்றும் இல்லை, வெறும் கறை. அடுக்களைக்கும் பட்டாசலுக்கும் நடுச் சுவரில் ஒட்டியதில்தான் பின்பக்கம் தண்ணீராகக் கோத்திருந்தது. பிளம்பரைக் கூட்டி வந்து அங்கணத்தை உடைத்தால், அடியில் அப்பா காலத்து மண் குழாய், இணைப்பில் விட்டுப்போய் அத்தனை தண்ணீரும் சுவருக்கடியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வீடு பூட்டித்தானே கிடக்கிறது, தண்ணீர் ஏது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் அங்கணத்தில் செடிக்குத் தண்ணீர் பிடித்து பாத்திரமும் கழுவி வந்திருக்கிறார், சாவியை நான்தான் கொடுத்திருந்தேன்! பிவிசி குழாய் போட்டாயிற்று. வாடையில் முக்கால்வாசி அன்றே போய்விட்டது. வெள்ளத்தைத் திட்டிக்கொண்டு இருந்தோம்.

கண்ணாடி ஓடு இரண்டுக்குப் பதில் மூன்று போட்டேன். வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினால், "இதை அப்பவே போட்டிருக்கக் கூடாதால, நாப்பது வருசமா இருட்டுக்குள்ள கிடந்து வெந்தேனே" என்கிறாள். அதற்கு நான் என்ன சொல்ல.

வயரிங், ஆர்சிசிபி, புகைக் கறுப்புக் கழுவல், நடுச் சுவரில் பூச்சு, முன்பக்கம் சுண்ணாம்பு, எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எழுபதாயிரத்தில் முடிந்தது. மேடையைத் தொடவில்லை. கறை மேல் சுண்ணாம்பு அடித்தாலும், கொல்லைக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் நின்ற உயரத்துக்கு அம்மா அன்றைக்குக் கரிக்கட்டையால் இழுத்த கோட்டை அப்படியே விட்டிருக்கிறேன், வருகிறவருக்கு அதைத்தான் காட்டுகிறேன். ஐந்து பேர் பார்த்துவிட்டார்கள், ஒரு குடும்பம் வங்கிக் கடனுக்குப் போயிருக்கிறார்கள்.

இப்போது புதுத் தலைவலி. பத்திரக்காரர் தம்பி, அடுக்களைச் சாய்ப்பு பிளானில் இல்லை. வங்கி அதைக் கேட்குமா?

பத்திரக்காரர் மகன்:

கட்டாயம் பார்ப்பார்கள் அண்ணாச்சி. மதிப்பீடு செய்ய வருகிற பொறியாளர் பிளானில் இருக்கிற கட்டடத்தை மட்டும் கணக்கெடுத்துவிட்டுச் சாய்ப்பை விட்டுவிடலாம், கடன் தொகை அந்த அளவுக்குக் குறையும், மீதியை அவர்கள் கையில் இருந்து போட வேண்டி வரும். கடைசி நாளில் தெரிந்தால் நம்மை ஏமாற்றிவிட்டார் என்பார்கள், இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஜங்ஷன்வாசி:

சரி தம்பி, இன்றைக்கு ராத்திரியே பேசிவிடுகிறேன். அப்படியே இன்னொரு உதவி, அம்மியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு வந்தே ஆக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. சந்திப்புப் பக்கம் லோடு வண்டி வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.